தண்ணீராய்ப் போன சாம்பிள்

மூக்கைச் சுளிக்க வேண்டாம், பட்டாசு அக்காவின் பிழைப்பே மலச் சாம்பிளில்தான். பரிசோதனைக்கூடத்தில் பதினாறு வருடம். வெடித்துச் சிரிப்பாள், வெடித்துத் திட்டுவாள். அதனால் அந்தப் பெயர். வீட்டுக்குள் நுழைந்ததுமே, "கை கழுவினியா?" என்பான் கணவன். "நீ கழுவினியா? எனக்கு உன் கைமேலதான் சந்தேகம்" என்பாள்.

அவள் தேடுவது ஒரு நொதியை. கணையத்தில் சுரந்து, குடல் வழியே சிதையாமல் மலத்தில் வந்து சேர்வது. கடுகளவு மலத்தை எடை போட்டு, கரைத்து, பிளாஸ்டிக் தட்டின் குட்டிக் குழிகளில் விடுவாள். குழியில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி அந்த நொதியை மட்டும் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பிறகு நிறம் ஏறும். நல்ல மஞ்சள் என்றால் நொதி ஏராளம், கணையம் ஜோர். வெளிறினால் வம்பு. "வா ராசா, வா" என்று குழிகளைக் கொஞ்சுவாள். இத்தனை வருடமாகியும் அந்த நிமிஷத்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

அன்று ஒரு குழி வெளிறிக் கிடந்தது. மிஷின் எண்பது என்றது. குறைந்தது இருநூறு இருக்க வேண்டும். நான்கு வயதுப் பெண் குழந்தை. கணையம் வேலை செய்யவில்லை என்றால் ஆயுசு முழுக்கச் சாப்பாட்டோடு மாத்திரை.

சாம்பிள் டப்பாவை எடுத்து ஆட்டினாள். சளக் சளக். "அட கூறுகெட்டவளே!" என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு! காலை அவசரத்தில் அவள் எடை போட்டதில் முக்கால்வாசி தண்ணீர். நொதி எங்கிருந்து வரும்? தண்ணீராக வந்தால் எடுக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் சுவரில் ஒட்டியவளே அவள்தான்.

மேலதிகாரி சலித்துக்கொண்டார். "ரிசல்ட்தான் வந்தாச்சுல்ல? அனுப்பிவிடும்மா. அப்பாக்காரர் ரெண்டு தடவை வந்து கேட்டுட்டார்."

"தப்பு என்னோடது சார். திட்டுறதுன்னா திட்டுங்க. ஆனா இதை அனுப்ப மாட்டேன். வேற சாம்பிள் வேணும், கெட்டியா வேணும்!" ஒற்றைக்காலில் நின்றாள்.

நான்கு நாளில் வயிற்றுப்போக்கு நின்று, புது டப்பா வந்தது. திறந்தவள், "ஆஹா, என்ன அழகு!" என்றாள். இதைப் போய் அழகு என்று சொல்ல அவளைத் தவிர யாரால் முடியும்? நிறத்துக்குக் காத்திருந்த கால் மணி நேரமும் தட்டையே சுற்றிச் சுற்றி வந்தாள். குழி மஞ்சளாய் மஞ்சளாய் ஏறியது. நானூற்று இருபது! அதே சாம்பிள் விட்ட பக்கத்துக் குழியிலும் கிட்டத்தட்ட அதே கணக்கு. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தாளை அச்செடுத்துக்கொண்டு தானே கவுன்டருக்கு ஓடினாள்.

அப்பா அங்கே நின்றிருந்தார். நான்கு நாளாய்த் தூங்காத கண்கள். "என்னம்மா வந்திருக்கு?"

ரிசல்ட்டுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஊழியர்கள் வாயைத் திறக்கக் கூடாது. "டாக்டர்கிட்ட காட்டுங்க சார், அவர்தான் சொல்லணும்" என்று அவளும் சொல்லத்தான் செய்தாள். சொல்லும்போதே வாயெல்லாம் பல். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவர் தாளைப் பார்க்கவேயில்லை. அவள் முகத்தையே பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"நம்ம பாப்பாவுக்கு ஒண்ணுமில்லடி" என்றார், விம்மி விம்மி.