இரண்டு சர்க்காருக்கும் எழுதிய மொய்

தல்லாகுளத்தில் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் புது வண்டி எடுத்து வந்தாலும், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவதற்கு முன்னால் அதன் பில்லை உரக்க வாசித்துவிட வேண்டும். சும்மா இல்லை, விசேஷ வீட்டில் மைக் பிடித்து மொய் வாசிப்பது போல. ஸ்டாண்டில் மூத்த அண்ணன்தான் தொடங்கிவைத்தார். "வண்டி நம்ம கைக்கு வாரதுக்குள்ள ரெண்டு சர்க்காருக்கும் மொய் செஞ்சுட்டுத்தானே வாரோம்? நாலு பேரு கேக்கட்டும்" என்பார். வாசிப்பது என் வேலை. ஆறாவதோடு பள்ளியை விட்டவள் நான். மிச்சத்தை பஸ் போர்டும் பில்லும் சொல்லிக்கொடுத்தன.

பல வருஷம் வாடகை வண்டி ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒன்று எடுத்தேன். அதைக் கொண்டுவந்த காலையில்தான் அந்த வம்பு. எதிரே இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர், ஸ்டாண்டை எடுக்கச் சொல்லி மனுக் கொடுத்திருந்தார். இடத்தைப் பார்க்கப் போக்குவரத்து எஸ்.ஐ. வந்து நின்றார். ஸ்டாண்டு போனால் தெருத்தெருவாக ஆள் தேடி அலைய வேண்டும். வண்டித் தவணை கட்டின மாதிரிதான்.

செயலாளர் எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார். "சார், நாங்க டேக்ஸ் கட்டுறவங்க. இவங்க ஓசியில ரோட்ட அடைச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

அந்த 'ஓசி' எனக்குச் சுருக்கென்றது. அண்ணனுக்கும்தான்.

"தாயி, பில்ல எடு. இன்னைக்குச் சத்தமா வாசி."

வண்டியின் படியில் ஏறி நின்றேன்.

"மத்திய சர்க்காருக்கு நாம செஞ்ச மொய்!" பில்லில் இருந்த ஜி.எஸ்.டி. தொகையைச் சொன்னேன்.

"எழுதியாச்சு!" என்றார்கள் எங்கள் ஆட்கள்.

"மாநில சர்க்காருக்கும் அதே அளவு மொய்!"

"எழுதியாச்சு!"

"ரோட்டு வரி! இன்சூரன்ஸு, அந்த இன்சூரன்ஸுக்கும் ஒரு வரி!"

"அதையும் எழுதியாச்சு!"

"என்ன சார் இது, கூத்து?" என்றார் செயலாளர்.

"கூத்து இல்லய்யா. உங்க காருக்கு நீங்க கட்டுனீக, என் ஆட்டோவுக்கு நான் கட்டிருக்கேன். டயரு மாத்துனா வரி, ஆயில் ஊத்துனா வரி, பெட்ரோல் போடப் போட வரி. உங்க காரு ஞாயித்துக்கிழமதான் வெளிய வருது. என் வண்டி விடிஞ்சா ஓடுது. இதுல யாருய்யா ஓசி?"

எஸ்.ஐ. மீசையைத் தடவுகிற சாக்கில் சிரிப்பை மறைத்தார். "சரிம்மா, மொய் செஞ்சுட்ட. திருப்பி என்ன கேக்குற?"

"ஒரு வண்டி நிக்க எடம் சார். அம்புட்டுத்தான்."

அவர் நடந்து அளந்தார். "கேட்டுக்கு நேரா ஒருத்தரும் நிக்கக் கூடாது. மரத்துக்கு அந்தப் பக்கம் மூணு வண்டி நிக்கலாம்."

ஏற்கெனவே எங்களிடம் மூன்று வண்டி இருந்தது. என்னுடையது நாலாவது. செயலாளர் முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது.

அண்ணன் தன் வண்டியை மரத்தை உரசும்படி முன்னே தள்ளினார். மற்ற இருவரும் கண்ணாடியை மடக்கி அவரை ஒட்டி நெருங்கினார்கள். அங்கேயே, எஸ்.ஐ. பார்க்கப் பார்க்க, பழத்தை நசுக்கி என் வண்டியை அந்தச் சந்தில் நுழைத்தேன். அவர் நாலையும் எண்ணினார் என்றுதான் நினைக்கிறேன். மறுபடி மீசையைத் தடவிவிட்டு பைக்கைக் கிளப்பினார்.

இன்றும் நாலு வண்டிதான் நிற்கிறது. பில்லின் நகலை முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன், எழுத்து வெளியே தெரியும்படி. செயலாளர் நடைப்பயிற்சிக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும்.