தோபாஷி சலூனுக்கு மிட்சுவே திரும்பி நடந்தார்

எங்கள் காப்பீட்டுக் கம்பெனியின் தகாமாட்சு கிளையில் என் பக்கத்து மேசை ஷியோசாகி மிட்சுவேயுடையது. இருபத்தாறு வருஷம் வாகன விபத்துப் பிரிவில் ஃபோன் எடுத்த பெண்மணி. இடித்தவர், இடி வாங்கியவர் இருவர் கோபமும் அவர் காதில்தான் விழும், முகம் பார்த்ததில்லை. மத்தியான உதோன் நூடுல்ஸைக்கூட நின்றபடிதான் சாப்பிடுவார். உட்காரச் சொன்னால், "உட்கார்ந்தா திட்டு இன்னும் சத்தமா கேக்குது" என்பார்.

வடக்குக் கடற்கரையில் நிலம் நடுங்கிய பிப்ரவரியில், சேதம் பார்க்க எல்லாக் கிளைகளிலிருந்தும் ஆள் திரட்டியது கம்பெனி. இரண்டு நாள் பயிற்சி, ஒரு தலைக்கவசம், சுவர் தூண் சாய்வு பார்க்க ஒரு தூக்குக்குண்டு. ஐம்பத்திரண்டு வயதில் மிட்சுவேயும் போனார். கூட்டாளி நகோயாக் கிளையின் ஓகுரா. நாளைக்கு எட்டு வீடு. முழுச் சேதம், பெரும்பாதி, சிறுபாதி, ஒரு பகுதி என்று ஏதாவது ஒன்றை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் தோபாஷி சலூன். ஒசாகாவில் இருக்கும் மகன் விண்ணப்பம் போட்டிருந்தான். கடைக்கார தோபாஷி அம்மாளுக்கு அறுபது தாண்டியிருக்கும்.

"வாங்க, கம்பெனிக்காரம்மா. வீட்டுக்கு ஒண்ணுமில்ல, ரெண்டு கண்ணாடிதான் போச்சு. டீ குடிங்க."

உள்ளறைத் தூணில் மீனவர் சங்க நாட்காட்டி தொங்கியது. அந்தத் தூணில் முதுகைச் சாய்த்தபடியே அம்மாள் டீ ஊற்றினார். ஓகுரா மற்ற தூண்களை அளந்தார். அடித்தளத்தில் விரிசல், கூரையில் சில ஓடுகள். 'ஒரு பகுதி' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

காரில் மிட்சுவேக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அந்த நாட்காட்டி கோணலா இல்ல?"

"நாட்காட்டிக்கெல்லாம் நாம காசு குடுக்கிறதில்லீங்க."

"ஆணியில தொங்குறது எப்படிக் கோணலாகும்? அது நேராத்தான் தொங்குது. தூண்தான் கோணல்."

"அவங்களே கையெழுத்துப் போட்டாச்சு. இன்னும் அஞ்சு வீடு இருக்கு. விடுங்க."

சாப்பாட்டு நேரத்தில் சோற்றுருண்டையைப் பாதியில் வைத்துவிட்டு, பிளந்து கிடந்த சாலையில் இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடந்தார் மிட்சுவே.

"மறுபடியுமா? முடி வெட்டிக்க வந்தீங்களா?"

"அந்த நாட்காட்டியைக் கொஞ்சம் எடுக்கலாமாங்க?"

"பிப்ரவரி முடியட்டும், எடுக்கிறேன்."

"தூண் சாஞ்சிருக்கும்மா."

தோபாஷி அம்மாளின் குரல் உயர்ந்தது. "எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா இந்தத் தூண்லதான் சாஞ்சு நிக்கிறேன். நீங்க அதை எழுதிட்டா, அந்தத் தாளைக் காட்டியே என் மகன் என்னை ஒசாகாவுக்கு இழுத்துட்டுப் போயிடுவான். ஒன்பதாவது மாடி! அங்க யாருக்கு நான் முடி வெட்டுறது?"

"நான் எழுதலேன்னா தூண் நிமிர்ந்துடுமா?"

பதில் வருமுன் தரை அதிர்ந்தது. சிறிய அதிர்வுதான். ஆனால் தெருவுக்கு முதலில் ஓடியது தோபாஷி அம்மாள். காலில் செருப்புகூட இல்லை. தெருவில் நின்று வீட்டை வெகுநேரம் பார்த்தார்.

"போய் அளந்துக்கங்க. நான் உள்ள வரல."

அளந்தார். 'பெரும்பாதி' ஆயிற்று.

மிட்சுவேக்கு நிம்மதி வரவில்லை. அதற்கு முன் எழுதிய பதினெட்டு வீடுகள் மனதைக் குடைந்தன. எதில் எதைப் பார்க்காமல் விட்டோம்? கிடைத்த நேரத்திலெல்லாம் அந்தப் பதினெட்டுப் பேருக்கும் ஃபோன் போட்டார். பலர் எரிந்து விழுந்தார்கள். இரண்டு பேர் வரச் சொன்னார்கள். ஒரு வீட்டின் சேத மதிப்பீடு மாறியது, மற்றதில் மாற்றமில்லை. குழுத் தலைவர், "உங்களை யாரு போலீஸ் வேலைக்குக் கூப்பிட்டா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

ஊர் திரும்பியதும், சேதம் பார்க்கும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார். "இந்த வயசிலயா?" என்றார் மேலாளர். இலையுதிர் காலத்தில் உத்தரவு வந்தது. தோபாஷி அம்மாள் ஒசாகா போய், இரண்டே மாதத்தில் ஊருக்கே திரும்பி, அங்கே தற்காலிகக் கடை வரிசையில் நாற்காலி போட்டுவிட்டாராம்; மிட்சுவேக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

மிட்சுவே இப்போதும் எப்போதாவது என் மேசைப் பக்கம் வருவார். பேச்சின் நடுவில் சட்டென்று, "திரும்பப் போய்ப் பார்க்காத அந்தப் பதினாறு வீடு என்ன ஆச்சோ?" என்பார். எனக்கு என்ன தெரியும்? அவர் அதற்குள் கார் சாவியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டை அளக்கக் கிளம்பியிருப்பார்.