போட்டு உடைக்கிறவள்

காட்டுப்பள்ளிக் குப்பத்தில் யாருக்குத் தந்தி வந்தாலும் செல்லியம்மாளைத்தான் தேடுவார்கள். மீன் கூடை சுமக்கிற பொம்பளை இங்கிலீஷ் தந்தியைப் படிப்பாள் என்று வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் படிப்பாள். எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து அசைத்துப் படித்துவிட்டு, இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிவிடுவாள். செத்தான் என்று இருந்தால் செத்தான்தான். "கல்நெஞ்சுக்காரி, இப்படியா போட்டு உடைப்பா?" என்று வைத ஊர், அடுத்த தந்தியையும் அவளிடமே தூக்கிக்கொண்டு ஓடும். அவள் சொன்னால் அதில் கலப்படம் இருக்காது.

அவள் அப்படி ஆனதற்கு ஒரு முழம் கனகாம்பரம்தான் காரணம்.

அறுபத்து நாலில் அவள் புருஷன் குப்பன் விசாகப்பட்டினத்தில் மோட்டார் படகு வேலைக்குப் போயிருந்தான். அங்கிருந்து தந்தி வந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பிறகு கொழுந்தன் திருமலை வந்து, "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லியாம் அண்ணி. வா, போய் பாத்துக்கினு வந்துரலாம்" என்றான். நம்பினாள். அவனுக்குப் பிடிக்குமே என்று நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டாள். ரயிலில் எதிரே இருந்தவளோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். நோயாளி கண் திறந்து பார்க்கும்போது பாழும் தலையோடு நிற்பானேன் என்று நெல்லூர் ஸ்டேஷனில் ஒரு முழம் பூ வாங்கி வைத்துக்கொண்டாள். கூட வந்த நாலு ஆண்களும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில்தான் சொன்னார்கள். குப்பன் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தலையில் பூவோடு நின்றாள் செல்லியம்மாள். புருஷன் போன துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஊருக்கெல்லாம் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல், பூ வைத்துக்கொண்டு சிரித்தாளே, அந்த அவமானம் அவளை விட்டு இறங்கவே இல்லை. திருமலையோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். இனி எவனும் தனக்குப் படித்துச் சொல்ல வேண்டாம் என்று முடிவு கட்டினாள்.

அத்திப்பட்டில் கம்பெனி ஆட்களுக்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. பாடம் எடுத்தவர் பாஷ்யம். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற வீட்டுப் பிள்ளை, பக்கத்துத் தந்தி ஆபீசில் குமாஸ்தா. செல்லியம்மாளைவிடப் பத்து வயது சின்னவர். அவள் கூடையை வேலிக்கு அப்பால் வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தாள். மீன் வாசனை உள்ளே வரத்தான் வந்தது. பாவம், அந்த மனுஷர் முதல் மாதம் முழுக்க மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே பாடம் நடத்தினார். போகச் சொல்லவில்லை.

இரண்டாவது வருஷம் ஒரு நாள் பலகையில் 'பிரேக் தி நியூஸ்' என்று எழுதினார்.

"பிரேக்னா உடைக்கிறது. நியூஸ்னா சேதி. ஆனா சேர்த்து வந்தா அர்த்தம் வேற. கெட்ட சேதியை, அது யாரைப் பாதிக்குமோ அவாகிட்ட முதல்ல, பதமா எடுத்துச் சொல்றது" என்றார்.

ஃபிட்டர் அப்பாவு எழுந்தான். "நம்ம ஊர்ல போட்டு ஒடைக்கிறதுன்னா தேங்கா மாதிரி படார்னு சொல்றது சார். இன்னா சார், அப்படியே தலைகீழா கீது?"

"அதான் அப்பாவு, வார்த்தைக்கு வார்த்தை மாத்தப்படாது. வெள்ளைக்காரன் உட்காரவெச்சு, தண்ணி குடுத்து, கொஞ்சங் கொஞ்சமாச் சொல்லுவான். 'ஹூ வில் பிரேக் தி நியூஸ் டு ஹெர்?' அப்படின்னா, அவகிட்ட யார் போய்ச் சொல்றதுன்னு தவிக்கிறான். நாமளும் செய்யறதுதான். நான் அனுப்பற 'சீரியஸ்' தந்தியிலே பாதி, ஆள் போனப்புறம் குடுக்கறது."

வாசல்படியிலிருந்து குரல் வந்தது. "அது தப்பு சாமி."

எல்லோரும் திரும்பினார்கள். செல்லியம்மாள் முதல்முறையாக வகுப்பில் வாய் திறந்திருந்தாள்.

"என் புருசன் சாவு எனக்குச் சேரவேண்டிய சாவு. அத்த மத்தவன் மூணு நாளு கையில வெச்சிக்கினு இருந்தான். எனக்கு ஒரு தந்தி வந்தா, மடிக்காம, ஒண்ணும் சொல்லாம குடுங்க. நானே படிச்சிக்கிறேன்."

பாஷ்யம் வாதாடவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா" என்றார்.

ஐந்து வருஷம் கழித்து, எழுபத்து மூன்றில் ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

செல்லியம்மாளின் ஒரே மகள் செல்வி அப்போது நிறைமாதம். மருமகன் மணவாளன் பாரதீப் துறைமுகத்தில் வேலையாக இருந்தான். செல்விக்குக் கால் வீங்கி, ரத்தக் கொதிப்பு ஏறி, "இந்தப் பொண்ணுக்கு ஒரு அதிர்ச்சி ஆகக்கூடாது, ரெண்டு உசுரும் போய்டும்" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அன்று செல்லியம்மாள் அத்திப்பட்டுச் சந்தையில் மீன் விற்றுவிட்டு, வழக்கம்போல மகளுக்கு ஒரு முழம் பூவும் வாங்கி இடுப்பில் செருகியிருந்தாள். பாஷ்யம் தந்தியை எடுத்துக்கொண்டு தானே நடந்து வந்தார். மடிக்காமல் நீட்டினார்.

அனுப்பியவன் ஒரியாக்கார மேஸ்திரி. நம் ஊர்ப் பழக்கம் தெரியாதவன். சீரியஸ் என்று போடவில்லை. மணவாளன் எக்ஸ்பயர்ட் என்றே இருந்தது. செல்லியம்மாள் மூன்று முறை படித்தாள். படிக்கத் தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தாள்.

"நான் வேணா வந்து சொல்லட்டுமாம்மா?" என்றார் பாஷ்யம்.

"வேணாம் சாமி. எம் பொண்ணு. நானே பாத்துக்கிறேன்."

கழிமுகத்தைப் படகில் தாண்டியதும் அவள் நேரே போனது திருமலை வீட்டுக்கு. ஒன்பது வருஷமாக மிதிக்காத வாசல். காகிதத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். "நீ பாரதீப்புக்குக் கெளம்பு. செல்வி காதுல விழக்கூடாது. யாரும் வாய் தொறக்காதீங்கன்னு ஊர்ல சொல்லிவை" என்றாள். திருமலை அவளை ஏறிட்டுப் பார்த்தான். குத்திக் காட்ட எத்தனையோ இருந்தது. "சரி அண்ணி" என்று மட்டும் சொன்னான். குப்பமே வாயைப் பொத்திக்கொண்டது. அதில் அவர்களுக்கு நல்ல பழக்கம்.

செல்விக்குத் தந்தி வந்த விஷயம் மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. "இன்னாம்மா தந்தி? அவுருக்கு இன்னா?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

செல்லியம்மாள் மகளை உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

"ஜொரமாம். ஆஸ்பத்திரில சேத்துக்கிறாங்களாம். சித்தப்பன் பாக்கப் போறான்."

"நல்லா படிச்சியா?"

"படிச்சேன்."

செல்வி பெருமூச்சு விட்டுச் சாய்ந்துகொண்டாள். "வேற யாராச்சும் சொல்லியிருந்தா பயந்திருப்பேன். நீ சொன்னா சரிதாம்மா" என்றாள். பிறகு தாயின் இடுப்பைப் பார்த்துக் கையை நீட்டினாள். "பூவக் குடு. வெச்சிக்கிறேன்."

கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்? மறுநாளும் கொடுத்தாள். வாங்காமல் போனால் கேள்வி வருமே. அந்த ஆறு நாளும் செல்லியம்மாள் பூக்காரியிடம் போய் நின்ற பாட்டை எழுதி மாளாது. திருமலை அங்கே காரியத்தை முடித்துவிட்டுத் திரும்பிவிட்டான். வீட்டுப் பக்கம் வராமல் கரையிலேயே இருந்தான்.

ஏழாம் நாள் காலை ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மூன்று நாள் பொறுத்து, நர்ஸ் தலையசைத்த பிறகு, செல்லியம்மாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். இந்தத் தடவை கொஞ்சங் கொஞ்சமாக இல்லை. ஒரே வாக்கியத்தில் சொன்னாள்.

செல்வி கத்தவில்லை. குழந்தையின் துணியை இழுத்துச் சரியாகப் போர்த்தினாள். பிறகு, "ஒனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டாள்.

"போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. தந்தி வந்த அன்னிக்கே."

செல்வியின் கை மெல்லத் தலைக்குப் போனது. அன்று காலை வைத்த கனகாம்பரம் அங்கே இருந்தது. அதை விரல்களால் தொட்டபடியே தாயைப் பார்த்தாள்.

"தெரிஞ்சிக்கினே தெனம் பூ குடுத்தியாம்மா?"



அதற்குப் பிறகு காட்டுப்பள்ளிக்கு எத்தனையோ தந்திகள் வந்தன. அவள் ஒன்றைக்கூடக் கையில் வாங்கவில்லை. "எனக்கு கண்ணு தெரியல நைனா, வேற ஆளப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.