சப்பாத்திக்குப் பிறகு சோறு

அப்பா, அம்மா, அக்கா, ஒன்பது வயதில் நான். அம்மாவின் வைத்தியத்துக்காகப் புனேவில் வந்து இறங்கினோம்.

இன்று அதே புனேவின் போபோடி பகுதியில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது ஒரு கடையிலிருந்து சப்பாத்தி சுடும் வாசனை வந்தது. அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

அம்மா கேட்டது சோறு. கடைக்காரர் சப்பாத்தியைக் கொண்டுவருவதைப் பார்த்ததுமே, "இங்க சோறு கெடையாது, எந்திரிங்க" என்று அப்பா எழுப்பிவிடுவார். இப்படியே மூன்று கடை. அம்மா அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த கடையில் தட்டு கழுவிய தமிழ்க்காரப் பெண் சிரித்தாள். "என்னண்ணே நீங்க, சப்பாத்தி தின்னு முடிச்சாத்தான் இந்த ஊர்ல சோறு வைப்பாங்க. எல்லாக் கடையிலயும் இருந்திருக்குமே."

அப்பா சப்பாத்தி கொண்டுவரச் சொன்னார். சோறு வந்தபோது அம்மாவால் உட்கார முடியவில்லை. அக்கா ஊட்டினாள்.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதற்குப் பிறகு குழாய் வழியாகக் கஞ்சிதான். பத்தாம் நாள் இறந்துவிட்டாள்.

அம்மா தின்ற கடைசிச் சோறு இரண்டு வாய்.