கறுப்புத் துணிக்கு வழிவிடாத லியோனி

லியோனியைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சொல்லட்டும். அன்று மதகு வரிசையில் அவளுக்கு அடுத்து நின்றது என் படகு. அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் அதே மதகில் நடந்ததையும் நான் பார்த்தேன். முதல் கதை தெரியாமல் இரண்டாவதை மட்டும் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெல்ஜியத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியே பிரான்சுக்குள் போவோம், கோதுமை ஏற்றிக்கொண்டு திரும்புவோம். லியோனிக்கும் அவள் புருஷன் கமீலுக்கும் படகுதான் பிழைப்பு, படகுதான் வீடு. 1949 ஆகஸ்டில் ஊர் திரும்பும் வழியில், சுக்கானைப் பிடித்தபடி நின்ற கமீல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நாற்பத்திரண்டு வயசு. லியோனி அவனைக் கட்டிலில் கிடத்திவிட்டு, தன் கறுப்புப் பாவாடையைக் கிழித்து, படகின் முன்முனையான அணியத்தில் துணி கட்டினாள். இரண்டரை நாளில் பெல்ஜியத்தில் அவன் ஊரான தெம்ஸேவுக்குப் போய்விடலாம், அவன் அப்பா அம்மா பக்கத்தில் அடக்கம் செய்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

கறுப்புத் துணி என்றால் உள்ளே பிணம் இருக்கிறது என்று அர்த்தம்; அதைக் கண்டால் முன்னால் நிற்கும் படகெல்லாம் ஒதுங்கும். எல்லையில் சுங்கக்காரர்கள்கூடத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போகவிடுவார்கள். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை இது. ரயிலில் கொண்டுபோவதென்றால் ஈயப் பெட்டி வேண்டும், இரண்டு நாட்டு முத்திரை வேண்டும். அதெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

பிரான்சில் ரிப்மோல் கிராமத்து மதகில் ஒரு நேரத்துக்கு ஒரு படகுதான் நுழைய முடியும்; உள்ளே விட்டுக் கதவை அடைத்து, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மூடினால் திங்கள் காலைதான் திறப்பார்கள். லியோனி வந்து சேர்ந்தபோது ஒரு படகு போகத்தான் நேரமிருந்தது. நானும் இன்னொருவரும் ஒதுங்கிவிட்டோம். முதலில் நின்றது ஓடிலோனின் படகு.

"ஓடிலோன், எங்க வீட்டுக்காரரு உள்ள கிடக்காரு. கொஞ்சம் வழி விடுங்க."

"துணியப் பாத்தேன். பாவந்தான். ஆனா செத்தவனுக்கு என்ன அவசரம்? எனக்குத் திங்கக்கிழமை சரக்கு இறக்கணும்" என்றான், சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே.

லியோனி மதகுக்காரனிடம் ஓடினாள். "வரிசை உங்க சங்கதிம்மா. ஆறு மணிக்கு மேல தொறந்தா என் வேலை போயிடும்" என்று அவன் கைவிரித்தான். ஓடிலோன் போனான், மதகு மூடியது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. மேயர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வந்தார். ஊருக்குள் பிணத்தை வைத்திருக்க முடியாது என்றார். மத்தியானத்துக்குள் ரிப்மோல் கல்லறைத் தோட்டத்தில், வெளியூர்க்காரர்களுக்கென்று விட்டிருந்த கடைசி வரிசையில், சுவரோரமாகக் கமீலைப் புதைத்தாயிற்று. லியோனி அழவில்லை. "அவன் பேரு ஓடிலோன்" என்று என்னிடம் சொன்னாள், ஏதோ எனக்குத் தெரியாதது போல.

பிறகு தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு படகை ஓட்டினாள். எதிரே படகு வந்தால் கையைத் தூக்குவது எங்கள் வழக்கம். ஓடிலோன் வந்தால் மட்டும் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். ஒவ்வொரு மதகிலும் அவன் எப்போது போனான், எங்கே போகிறான் என்று விசாரிப்பாள்.

"என்ன லியோனி, நாள் பூரா அவன் நினைப்புதானா? ரெண்டாங் கல்யாணம் எப்போ?" என்று ஆண்கள் கிண்டல் செய்வார்கள்.

"அவனப் பொதைக்கிற அன்னிக்கு" என்பாள். சிரிக்கமாட்டாள்.

1958 ஆகஸ்ட், மறுபடி ஒரு சனிக்கிழமை. ரிப்மோல் மதகில் லியோனி முதலில், நான் அடுத்து. மணி ஐந்தரை; சுறுசுறுப்பாகப் போனால் மூடுவதற்குள் இரண்டு படகு போய்விடலாம். பின்னால் ஒரு படகு மெதுவாக வந்தது. அணியத்தில் கறுப்புத் துணி. ஓடிலோனின் படகு, செத்தவனும் அவனேதான். வழியில் குடல் வெடித்து முந்தின நாள் போய்விட்டானாம். அவன் பெண்டாட்டி ஆலிடா கரையில் இறங்கி நடந்து வந்தாள்.

நான் என் இடத்தை விட்டுக்கொடுத்தேன். நாளைக்கு என் படகிலும் துணி கட்ட வேண்டிவருமே என்ற பயம், வேறொன்றுமில்லை. ஆலிடா லியோனியின் படகருகே போய் நின்றாள்.

"அன்னிக்கு அவரு பண்ணினது தப்பு. நானும் உள்ள உக்காந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன், வாயத் தொறக்கல. உன் கால்ல விழறேன் லியோனி. அவர ஊருக்குக் கொண்டுபோக விடு."

"எதுக்கு விழற? செத்தவனுக்கு என்ன அவசரம்?"

அவள் தம்பிகூட, "விட்டுடுக்கா" என்றான். "நீ கயித்தப் பிடி" என்றாள். மதகுக்குள் படகை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். தண்ணீர் இறங்கும் வரை மேல்தட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். அவள் வெளியேறியபோது மணி ஆறு அடித்தது, மதகு மூடியது. எனக்கு மனசு குளிர்ந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆலிடா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்த பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது.

மறுநாள் அதே வெயில், அதே ஊர், புது மேயர். நான் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருந்ததால் அடக்கத்துக்குப் போனேன். அவர்கள் இறக்கிய குழி யார் பிடித்துவைத்த இடம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து லியோனி நிலக்கரியோடு அந்த வழியாக வந்தாள். எப்போதும்போலப் புல் வெட்டக் கத்தரியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். கமீலை ஒட்டிப் புது மண்மேடு, அதில் ஓடிலோன் பெயர் எழுதிய மரச்சிலுவை. ஒன்பது வருஷமாக அந்தக் காலியிடத்தையும் சேர்த்துத்தான் அவள் கூட்டி வந்தாள். நான்கு மூலையிலும் கல் நட்டு, தனக்கென்று வைத்திருந்தாள். நாங்கள் கரையில் முளையடித்துக் கயிறு கட்டினால் அந்த இடம் எங்களுடையது, யாரும் கேட்கமாட்டார்கள். மண்ணிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

மேயர் அலுவலகத்துக்கு ஓடினாள். குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டினார்.

"உங்க பேர்ல பதிவு ஒண்ணும் இல்லையேம்மா."

"கல்லு நட்டிருந்தேனே."

"கல்லு இருந்தா யாருக்குத் தெரியும்? அடுத்த குழி அதுதான், குடுத்துட்டோம்."

"அவனத் தோண்டி வேற எடத்துல போடுங்க."

"அதுக்கு அவரோட சம்சாரம் கையெழுத்துப் போடணும்."

ஆலிடாவிடம் போய்க் கேட்கச் சொன்னேன். "அவகிட்டயா?" என்றாள். போகவில்லை. அன்று வழிவிட்டிருக்கலாமோ என்று ஒரு தடவை நான் வாய்விட்டுக் கேட்டேன். "மறுபடி வந்தாலும் விடமாட்டேன்" என்று பல்லைக் கடித்தாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

லியோனி 1971இல் இறந்தாள். தெம்ஸேவில், கமீலின் அப்பா அம்மா பக்கத்தில், அவனுக்காக அவள் கேட்ட அதே மண்ணில் அவளை வைத்தோம். ரிப்மோலில் கமீலுக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஓடிலோன்.