துடைத்துக்கொண்டே இருந்தவர்

சந்தையில் அவருக்குப் பெயர் பளிச்சண்ணன். கறி வெட்டுகிறவருக்கு இப்படி ஒரு பெயர் சும்மா கிடைத்துவிடாது. மனுஷன் பாடுபட்டுத்தான் சம்பாதித்தார்.

அவருடைய அப்பாவும் கறி வெட்டினவர். காலையில் அப்பாவுக்கு ஒத்தாசை செய்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்காருவான். ஒருநாள் வாத்தியாரே, "நீ அந்த ஜன்னல் பக்கமா போய் உக்காருப்பா" என்று சொல்லிவிட்டார். நல்லவிதமாகத்தான் சொன்னார். ஆனால் சிரித்தவர்கள் சிரித்தார்கள். வளர்ந்து கடை தன் கைக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், அப்பா காலத்துக் கரி பிடித்த சுவரில் கூரைவரைக்கும் வெள்ளை ஓடு பதித்ததுதான்.

இரண்டாவது காரியம் அந்தத் துணி. தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி கிடக்கும். ஆள் வந்து நின்றதும் வெட்டுக்கட்டையை ஒரு துடை, கத்தியை ஒரு துடை, தராசுத் தட்டை ஒரு துடை, அப்புறம் கையை. துணியைக் காலடியில் இருக்கும் வாளியில் முக்கிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் "என்ன வேணும்?" என்று கேட்பார். வந்தவர்களுக்கு அதுவே பாதி மரியாதை. 'நமக்காகத் துடைக்கிறாரே' என்று தூரத்துத் தெருக்காரர்கள்கூட அவரைத் தேடி வந்தார்கள்.

கடையின் இன்னொரு முனையில் அவர் மனைவி பால் கேனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பால் ஊற்றி முடித்ததும் திரும்பிப் பாராமலே கையை நீட்டுவார். இவரும் திரும்பிப் பாராமலே துணியைக் கொடுப்பார். அவர் அளவுக் குவளையை உள்ளும் புறமும் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். எதற்கெடுத்தாலும் முட்டிக்கொள்ளும் அந்தத் தம்பதிக்குள் இந்தக் கொடுக்கல் வாங்கலில் மட்டும் சண்டை வந்ததே இல்லை. கடை அடைத்ததும் துணி வீட்டுக்குப் போய் சோப்பில் ஊறி, நீலத்தில் முங்கி, மறுநாள் கண்ணைப் பறிக்கும். வாளித் தண்ணீரை மட்டும் காலையில் ஒருமுறை மாற்றுவதோடு சரி. துணி வெள்ளையாக இருக்கும்போது தண்ணீரை யார் பார்க்கிறார்கள்?

எதிர்க்கடைக்காரன் நேர்மாறு. பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை, சீப்புப் படாத தலை. 'கசங்கல்' என்று அவனுக்குப் பேர் வைத்ததே பளிச்சண்ணன்தான். கசங்கலிடம் துணியே கிடையாது, துவைக்கச் சோம்பல். கடை அடைக்கும்போது பக்கத்து டீக்கடையில் மிஞ்சின வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்கக் கட்டையின்மேல் கொட்டிவிட்டுக் கிளம்பிவிடுவான். தேய்க்கிற வேலை மிச்சம். "பாரு, கட்டையைக் குளிப்பாட்டுறான்" என்று பளிச்சண்ணன் சொல்ல, வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். கசங்கலும் சேர்ந்து சிரிப்பான்.

அந்த வெயில் காலத்தில் சந்தைக்குப் பின்தெருவில் குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. தையல்காரரின் சின்ன மகள் கண் செருகி, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டு கிடந்தாள். தையல்காரர் வந்து கடைமுன் நின்றார். கறி, பால் இரண்டையும் அவர் இங்கேதான் வாங்குவார், அவசரத்துக்குக் கறி மட்டும் எதிரேயும் வாங்குவார்.

"எதுல வந்துச்சுன்னே தெரியலண்ணே" என்றார்.

பளிச்சண்ணன் கட்டையைத் துடைத்துக்கொண்டே எதிரே கண்ணைக் காட்டினார். "அங்க வாங்கினியா? அப்புறம் என்னத்தக் கேக்குற?"

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். நம்பினதை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னார். அதன் பிறகு கசங்கல் கடையில் ஈக்கள்தான் வந்து உட்கார்ந்தன. அவனைக் கடையிலிருந்து எழுப்பிவிடச் சந்தைக் கடைக்காரர் சங்கத்தில் பேச்சு எழுந்தது. சங்கத் தலைவர் யார்? இவரேதான்.

சுகாதார ஆய்வாளரை வரவழைத்ததும் இவர்தான். அந்தப் பெண் வந்து இரண்டு கடையிலும் இருந்த கட்டை, கத்தி, குவளை, வாளி என்று பஞ்சால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது, "இதையும் பாத்துக்கங்கம்மா" என்று தோள் துணியைத் தானே எடுத்து நீட்டினார். அவ்வளவு பெருமை.

சங்கக் கூட்டம் நடக்க இருந்த அன்று காலை அவள் திரும்பி வந்தாள். புருஷன் பெண்டாட்டி இருவரையும் கடைக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"எதிர்க்கடைல பெருசா ஒண்ணும் இல்லீங்க. உங்க துணிலதான் அத்தனை கிருமியும் இருக்கு. அந்த வாளித் தண்ணிலயும் இருக்கு."

"எந்தத் துணி?" என்று கேட்டார் பளிச்சண்ணன், அந்தத் துணியிலேயே கையைத் துடைத்தபடி.

"இதுதாங்க. பச்சைக் கறில இருக்கறதை இது தொட்ட இடமெல்லாம் ஈஷிக்கிட்டே போகுது. கறியையாவது நல்லா வேக வெச்சுத் திங்கிறாங்க. பாலைப் புள்ளைங்களுக்கு வெதுவெதுன்னு சூடு பண்ணித்தான் குடுக்குறாங்க. அந்தக் குவளைலயும் இதே கிருமிதான்." குரலைத் தாழ்த்தினாள். "நான் இதைச் சந்தைல சொல்லப்போறதில்ல. சொன்னா மொத்தப் பேர் பொழப்பும் படுத்துடும். துணியை விட்டுட்டு வெந்நீருக்கு மாறுங்க. மறுபடி வந்து பாக்குறேன்."

அவள் போன பிறகு மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "என் கையாலதான ஊத்துனேன்" என்று மட்டும் சொன்னார். பளிச்சண்ணன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார்.  மறுபடியும் ஜன்னலோரத்தில் உட்காரவைத்தது போலிருந்தது. இந்தத் தடவை சொன்னவர்மேல் கோபப்படக்கூட வழியில்லை.

கூட்டத்துக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தார். கசங்கலையும் காப்பாற்ற வேண்டும், தன் பெயரும் கெடக்கூடாது. 'போனது போகட்டும், இந்த ஒரு தடவை அவனை மன்னிச்சு விட்டுடலாம்' என்று பெரிய மனுஷன் தோரணையில் சொல்லிவிட்டால்? தான் செய்த தப்புக்கு அடுத்தவனை மன்னிக்கப் புறப்பட்டது அந்த மனசு. மனசுக்கு என்ன, அது எதையும் செய்யும்.

ஆனால் கூட்டம் தொடங்கினதுமே கசங்கல் எழுந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் கொஞ்சம் மெத்தனமான ஆளு, எனக்கே தெரியும். தையக்காரர் பொண்ணு மொகத்த நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. நீங்க யாரும் சொல்ல வேணாம், நானே போயிடறேன்." கடைச் சாவியைப் பளிச்சண்ணன் முன்னால் வைத்தான்.

தான் செய்யாத பாவத்தை அவன் முழுசாக நம்பிவிட்டிருந்தான். அதைத்தான் பளிச்சண்ணனால் தாங்க முடியவில்லை.

"அவன்மேல தப்பு இல்ல" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "தப்பு என் கடைலதான்."

 பழக்கடைக்காரர் தலையை ஆட்டினார். "பாத்தீங்களா, அடுத்தவன் பழிய எடுத்துத் தன் தலைல போட்டுக்கறாரு. இதுக்குத்தான் இவரு தலைவரு." எல்லோரும் ஆமாம் போட்டார்கள். கசங்கல் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உண்மையும் சொன்னாயிற்று, பெயரும் ஏறியாயிற்று. வெட்கக்கேடு என்னவென்றால், கொஞ்ச நேரம் அவர் நிறுத்தத்தான் செய்தார். அந்தக் கையை விலக்காமல் வாயைத் திறக்காமல் நின்றார்.

வாசலோரம் நின்றிருந்த அவர் மனைவி உள்ளே வந்தார். "அவர் சொல்றது நெசம். ஆய்வாளரம்மா காலைல வந்து சொல்லிட்டுப் போனாங்க. கறித் துணியாலதான் நான் பால் குவளையத் தொடச்சேன். உங்க புள்ளைங்க குடிச்சது அந்தப் பாலுதான்."

இப்போது யாரும் ஆமாம் போடவில்லை. பின்வரிசையிலிருந்து தையல்காரர் எழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். சத்தம் போடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"தெரியாமச் செஞ்சது வேற, அண்ணே. அன்னிக்கு நான் கேட்டப்ப அவனக் கைகாட்டினீங்களே. எதை வெச்சுக் காட்டினீங்க?"

பளிச்சண்ணனுக்குச் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"பாக்க அழுக்கா இருந்தான்" என்றார்.

கசங்கல் அவர் கையை விட்டான். குனிந்து தன் சட்டையைப் பார்த்தான்.