ஜெனாட் செய்த சத்தம்

ஜெனாட்டின் தொழில் என்னவென்று யாரும் கேட்டால் அவளுடைய தாய் வேரோனிக்கா, "ஸ்டூடியோவில வேலை" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குத் தாவிவிடுவாள். விளக்கப்போனால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். படம் பிடிக்கும்போது சரியாகப் பதிவாகாத சத்தங்களைப் பிறகு ஒரு மூடிய அறைக்குள் நின்று கையாலும் காலாலும் செய்து கொடுப்பதுதான் ஜெனாட்டின் வேலை. திரையில் ஒருத்தி படியிறங்கினால் இவள் குதி உயர்ந்த செருப்பு மாட்டிக்கொண்டு நடப்பாள். புறா பறந்தால் தோல் கையுறைகளை உதறுவாள்.

போன பனிக்காலத்தில் வேலைக்கு வந்த படம் ஸ்கேட்போர்ட் பற்றியது. கலிஃபோர்னியாவில் அலை எழும்பாத நாட்களில், அலைமேல் பலகையில் சறுக்க முடியாமல் கரையில் சும்மா நின்ற பொடியன்கள் பலகைக்குச் சக்கரம் பூட்டித் தெருவில் ஓடத் தொடங்கிய காலத்துக் கதை.

"அக்கா, இது செம ஃபன்னா இருக்கும்," என்றாள் நிரூபா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒலிப்பதிவு செய்கிறவள். இங்கே ஸ்காபரோவிலேயே பிறந்த பிள்ளை.

ஜெனாட் கையுறைகளை மடித்து வைத்தாள். அவளுக்கு மரியோ என்று ஒரு அண்ணன் இருந்தது அங்கே யாருக்கும் தெரியாது.

தகப்பன் மன்னாரிலேயே காலமாகிவிட, தாய் இரண்டு பிள்ளைகளோடு கடல் கடந்து வந்து, ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் ஓர் அடுக்குமாடியில் குடியேறியிருந்தாள். யாரோ எறிந்துவிட்டுப்போன போர்ட் ஒன்றை மரியோ எடுத்து வந்தான். அதில் ஒரு சக்கரம் எவ்வளவு முறுக்கினாலும் இறுகாது. மற்ற மூன்றும் உறுமிக்கொண்டு வர, அது மட்டும் டக், டக்கென்று தட்டும். கீழே கார்கள் நிற்கும் இடத்தில் அந்தத் தட்டல் கேட்டதும் தாய் அடுப்பை மூட்டிக் கறியைச் சூடாக்குவாள். பதினேழு வயதில், ஒரு பின்னேரம், மார்க்கம் வீதியில் கார் அடித்து மரியோ போய்விட்டான். போர்ட் கிடைக்கவேயில்லை. அதற்குப் பிறகும் தாய் சில நாட்களில் திடீரென்று எழும்பி அடுப்பை மூட்டினாள். பதினொரு வயது ஜெனாட்டும் அதே நேரம் அதே சத்தத்தைக் கேட்டிருந்தாள். பயத்தில் சொல்லவில்லை. பிறகு வீடு மாறினார்கள்.

அந்த ஸ்கேட்போர்ட் படத்தில் ஒரு காட்சி. தகப்பனோடு சண்டை பிடித்த பையன் விடியற்காலையில் போர்ட்டை எடுத்துக்கொண்டு, ஆளில்லாத தெருவில், திரும்பிப் பார்க்காமல் போகிறான். வசனம் இல்லை, இசையும் இல்லை. சக்கரச் சத்தம் மட்டும்தான்.

அந்தக் காலத்துப் போர்ட் ஒன்றைத் தேடி வாங்கி, நான்கு சக்கரங்களையும் ஜெனாட் தானே இறுக்கியிருந்தாள். சீமெந்துத் தளத்தில் முழங்காலிட்டு, திரையில் கண்ணை வைத்தபடி, இரண்டு கையாலும் அழுத்தி உருட்டினாள். ஒரே தடவையில் முடிந்தது. நிரூபா பெருவிரலை உயர்த்திக் காட்டினாள்.

ஜெனாட் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டாள். உறுமலுக்கு நடுவே டக், டக்.

"நிரூபா, உது என்ன சத்தம்?"

"அந்தத் தட்டலா? சூப்பரா இருக்கு அக்கா. நீங்க வேணுமெண்டு செய்யேல்லையா?"

ஜெனாட் போர்ட்டைக் கவிழ்த்து ஒவ்வொரு சக்கரமாக ஆட்டிப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. திரும்ப உருட்டினாள். சுத்தமான உறுமல். எத்தனை முறை உருட்டியும் தட்டல் வரவில்லை.

"முதல் டேக்கை அழிச்சுவிடு," என்றாள்.

"ஐயோ அக்கா, டைரக்டர் ஏற்கெனவே லைன்ல இருந்து கேட்டிட்டார். அதுதான் வேணுமாம்."

படம் வந்தபோது தாயைக் கூட்டிப்போகும் எண்ணமே ஜெனாட்டுக்கு இருக்கவில்லை. ஆனால் மாதா கோயிலில் யாரோ சொல்லி அறிந்துவிட்டாள் வேரோனிக்கா. "என்ர பிள்ளையின்ர பேர் வாற படத்தை நான் பார்க்கக்கூடாதோ?" என்று சட்டை மாற்றிக்கொண்டு நின்றாள்.

தியேட்டரில் அந்தக் காட்சி வந்தது. இருட்டில் தாயின் தலை திரையை விட்டு மெல்ல, பின்கதவுப் பக்கமாகத் திரும்பியதை ஜெனாட் பார்த்தாள். பையன் தெருமுனையில் மறையும்வரை தாய் அப்படியே இருந்தாள். பிறகு மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உது ஆர் செய்தது?"

"நான்தான் அம்மா."

"இல்லைப் பிள்ளை. உது நீ இல்லை."

 அடுத்த நாள் ஜெனாட் வேலையிலிருந்து வந்தபோது தாய் வீட்டில் இல்லை. தனியாக பஸ் எடுத்துத் தியேட்டருக்குப் போயிருந்தாள். அதன்பின் அடிக்கடி போனாள். அழுது வீங்கிய முகத்தோடு வரவில்லை. யாரையோ பார்த்துவிட்டு வந்தவள் போல வந்து தேத்தண்ணீர் வைத்தாள். அதுதான் ஜெனாட்டுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்.

"அந்தச் சத்தம் என்ர கம்ப்யூட்டரில இருக்கம்மா. நீங்கள் குளிருக்க அலையாதேங்கோ. வீட்டிலயே போட்டுக் காட்டிறன்."

வேரோனிக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். "வேண்டாம். வீட்டுக்க கூப்பிடாதை. வந்தானெண்டால் போகமாட்டான். அங்க எண்டால் வாறான், தன்ர பாட்டில போறான். எனக்கு அது காணும், போதும்."

ஜெனாட் அந்தப் பதிவை அழிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. வேறு படங்கள் வந்தன. நடந்தாள், கதவுகளை அடித்துச் சாத்தினாள். ஆனால் ஒவ்வொன்றையும் திரும்பப் போட்டுக் கேட்கும் முன் மூச்சை ஒருமுறை அடக்கிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

ஸ்காபரோத் தியேட்டர்களிலிருந்து படத்தை எடுத்துவிட்ட கிழமை, தாய் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இப்ப எங்க ஓடுதாம்?"

ஜெனாட் ஃபோனில் தேடினாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்.

"ஒஷாவாவில ஒரு இடத்திலதான் அம்மா."

"தூரமோ?"

"காரில போகலாம். நானும் வாறன்," என்று சொல்லி ஜெனாட் கோட்டை எடுத்தாள்.